சுருட்டைத் தலைமயிரும் ஓமந்தைத் தண்ணீரும்

சுருட்டைத் தலைமயிர் உள்ள பெண்பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்களில் வைக்கும் பெயர்கள் உங்களுக்கும் தெரிந்தவைதான். தும்புத்தடி, குருவிக்கூடு, பத்தைக்காடு. எனக்கும் அந்தப் பெயர்கள் எல்லாம் வைத்தார்கள். இன்று எனக்கு நாற்பத்தைந்து வயது கடந்துவிட்டது. நரை வந்துவிட்டது, சுருள் மாறவில்லை.

ஓமந்தையில் எங்கள் தையல் வகுப்புக்கு வரும் சகோதரிகளிடையே தலைமயிர்ப் பேச்சு வராத கிழமை இல்லை. "அக்கா, என்ன ஷாம்பூ போட்டாலும் காஞ்ச வைக்கோல் மாதிரித்தான் நிக்குது" என்பார்கள். ஒரு பைக்கற் போதாது என்று இரண்டு போடுகிறார்கள். இரண்டு போட்டால் இன்னும் காய்கிறது. அதற்குப் பிறகு அதை அடக்க வேறொரு பைக்கற் வாங்குகிறார்கள். நாட்கூலிக்குப் போய் உழைக்கும் காசில் இப்படி ஒரு செலவு தேவையா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எழுதியே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நான் வைத்தியர் அல்ல. சுருட்டைத் தலையோடு இந்தத் தண்ணீரில் வாழ்ந்து பழகியவள்.

ஏன் காய்கிறது?

தலைத்தோலில் உள்ள சிறு சுரப்பிகள் எந்நேரமும் கொஞ்சம் எண்ணெய் சுரந்துகொண்டே இருக்கின்றன. நேரான முடியில் அந்த எண்ணெய் வேரிலிருந்து நுனிவரை இலகுவாக இறங்கிவிடும். சுருண்ட முடியில் வளைவுக்கு வளைவு தடைப்பட்டு நின்றுவிடும். உச்சி பிசுபிசுத்தும் நுனி காய்ந்தும் கிடப்பது இதனால்தான். இன்னுமொரு காரணம் உண்டு. முடியின் மேற்பரப்பு கிடுகு வேய்ந்த கூரையைப் போலச் செதில் செதிலாக அடுக்கப்பட்டது. வளைவுகளில் அந்தச் செதில்கள் சற்று எழும்பி நிற்கும். அந்த வழியால் ஈரம் வெளியேறும். பக்கத்து முடியோடு கொளுவிச் சிக்கும் விழும். ஆகவே சுருட்டை முடி காய்ந்திருப்பது உங்கள் கவலையீனம் அல்ல, அதன் இயல்பு. இருக்கிற எண்ணெயைக் கழுவி எடுத்துவிடாமல் பார்ப்பதுதான் நாங்கள் செய்யக்கூடியது.

ஷாம்பூ செய்வது அதற்கு நேர்மாறு. கடையில் விற்கும் ஷாம்பூக்கள் பெரும்பாலானவற்றில் நுரை தருவது லோரெத் சல்பேற்று அல்லது லோரைல் சல்பேற்று என்ற செயற்கை அழுக்ககற்றி. அழுக்கை மட்டும் எடு, எண்ணெயை விடு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இவ்வகைச் செயற்கை ஷாம்பூ அமெரிக்காவில் சந்தைக்கு வந்ததே 1930களில்தான். அதற்கு முன்னர் அவர்களும் சவர்க்காரம் கரைத்துத்தான் தலை கழுவினார்கள்.

'ஷாம்பூ' என்ற சொல்கூட எங்கள் பக்கத்திலிருந்து போனதுதான். ஹிந்தியில் 'சாம்ப்னா' என்றால் அமுக்கிப் பிடித்துவிடுதல். பாட்னாவிலிருந்து போன சேக் டீன் மஹோமத் என்பவர் 1814இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் எண்ணெய் பிடித்துவிடுதலுமாக ஒரு நிலையம் தொடங்கினார். அதற்கு அங்கே வழங்கிய பெயர்தான் ஷாம்பூ. அமுக்கிப் பிடித்த கை போய், பிறகு நுரை மட்டும் அந்தப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது. பைக்கற்றில் வந்த கதையும் தூரத்தில் இல்லை. தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்த ஒரு குடும்பம்தான் ஷாம்பூவைச் சின்னப் பைக்கற்றில் அடைத்து ஏழைகளின் வீட்டுக்குள் கொண்டுவந்தது. 1980களில் அது தமிழ்நாட்டுக் கிராமங்கள் எங்கும் பரவியது. எங்கள் நாட்டில் 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்ததுமான சிறு பைக்கற்றுகளைச் சூழல் கருதி 2021இல் அரசு தடைசெய்தது. தடை வந்த பின்னும் எங்கள் ஊர்க் கடைகளில் அவை மாலை மாலையாகத் தொங்கத்தான் செய்தன. 2022 நெருக்கடியில் விலை ஏறியபோதுதான் பலர் "பழைய மாதிரி எப்பிடியக்கா முழுகிறனீங்கள்?" என்று கேட்டு வந்தார்கள்.

தண்ணீர்

முடியைப் பற்றிப் பேசும்போது தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. வவுனியா மாவட்டத்தில் பல இடங்களில் கிணற்றுநீர் கடினநீர். பாறைக்குள் ஊறி வரும்போது கல்சியமும் மக்னீசியமும் அதில் கரைந்துவிடுகின்றன. உங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடப்பது அதுதான். சிறுநீரக நோய்க்குப் பயந்து குடிப்பதற்கு ஆர்.ஓ. தண்ணீர் வாங்குகிறோம். தலைக்கு வார்க்க யார் வாங்குவது?

கடினநீரில் சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் வெள்ளைக் கசடு திரளும். அந்தக் கசடு சுருளுக்குள் போய் ஒட்டிக்கொண்டால் எத்தனை வாளி வார்த்தாலும் இலேசில் போகாது. காய்ந்ததும் முடி கரகரக்கும். உங்கள் கிணறு எப்படி என்று அறிய ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒரு வெறும் போத்தலில் அரைவாசி கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அரைவாசி மழைத்தண்ணீர் எடுங்கள். இரண்டிலும் ஒரேயளவு சவர்க்காரச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். எதில் நுரை நிற்கிறது, எதில் பால்போலக் கலங்குகிறது என்று பாருங்கள். தையல் வகுப்பில் நாங்கள் இதைச் செய்து பார்த்த அன்றுதான், "அப்ப பிழை என்ர தலையில இல்லை" என்று ஒரு தங்கச்சி சொன்னாள்.

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை எங்களுக்கு மழை தாராளம். முதல் மழையில் கூரை கழுவுப்படட்டும். அடுத்த மழையில் பீலியின் கீழே பரலை வையுங்கள். பரலின் வாயை நெருக்கமான துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிட்டு டெங்கைக் கொண்டுவரும். சோளகம் அடிக்கும் காலத்தில் மழைத்தண்ணீருக்கு வழியில்லை. அப்போது கிணற்றுநீரில் முழுகிவிட்டு, கடைசியாக வார்க்கும் இரண்டு செம்பு மட்டும் கொதித்தாறிய தண்ணீராக இருக்கட்டும். கொதிக்க வைக்கும்போது கடினத்தில் ஒரு பங்கு பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். மேலாக வடித்தெடுத்தால் போதும்.

தடைக்காலத்தில் முழுகிய விதம்

1990இலிருந்து 2002 வரை வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்ததை இளையவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சவர்க்காரம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் யானை விலை. பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியால் உடுப்புத் தோய்த்தோம். தலைக்கு அம்மம்மா வைத்திருந்தது அரப்பு. தமிழ்நாட்டின் கொங்குப் பக்கத்தில் அரப்பு என்றால் உசிலை இலைத்தூள். எங்களுக்கு அரப்பு என்றால் இலுப்பைப் பிண்ணாக்கு. இலுப்பங்கொட்டையை எண்ணெய்க்கு ஆட்டியபின் மிஞ்சும் சக்கைதான் அது. அதை இடித்து, அரித்து, சுடுதண்ணீரில் ஊறவிட்டுத் தேய்ப்பார். சீயாக்காயில் இருப்பதுபோலச் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் அதிலும் இருக்கிறது. நுரை கொஞ்சம்தான் வரும். ஆனால் சவர்க்காரம்போலக் கடினநீரில் கசடாகத் திரளாது. இதுதான் அதன் பெருமை.

1997 மே 13இல் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியதோடு நாங்கள் ஓமந்தையை விட்டு உள்ளே போனோம். அரப்பு மூட்டையும் போயிற்று, இலுப்பை மர நிழலும் போயிற்று. 2009இல் திரும்பி வந்தது ஓமந்தைச் சோதனைச்சாவடியால்தான். சொந்த ஊருக்குள் வரிசையில் நின்று, சொந்த ஊரைத் தாண்டி முகாமுக்குப் போனோம். முகாமில் ஒரு வாளி தண்ணீரில் பிள்ளையைக் குளிக்க வார்த்து, மிச்சத்தில் நான் குளிக்க வேண்டும். சுருட்டைத் தலையில் பேன் விழுந்தால் சீப்பும் இறங்காது. கத்தரிக்கோல் ஒன்றை இரவல் வாங்கிக் கழுத்தோடு வெட்டினேன். என்னைப்போல வெட்டியவர்கள் ஒரு கொட்டிலுக்கு இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். மாதம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் தலைமயிர் வளரும். முதுகுவரை வர எனக்கு நான்கு வருடம் எடுத்தது.

நான் செய்யும் முறை

கிழமைக்கு ஒரு முழுக்கு போதும். வயல் வேலை செய்பவர்கள், தூசியில் நிற்பவர்கள் நடுவில் ஒருநாள் வெறும் தண்ணீர் வார்த்து விரலால் தலைத்தோலைத் தேய்த்துவிடலாம். அதுவே பாதி அழுக்கை எடுத்துவிடும்.

முழுகுவதற்கு முதல்நாள் இரவு நுனிக்குத் தேங்காயெண்ணெய் வைப்பேன். உச்சியில் கொட்டுவதில் பயனில்லை, அங்கே ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறது. காய்ந்து கிடக்கும் நுனியிலும் நடுவிலும்தான் தடவ வேண்டும். தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு இந்திய ஆய்வாளர்கள் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கழுவும்போது முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். ஆய்வு செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் கொம்பனிக்காரர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அம்மம்மாவும் அதைத்தான் சொன்னா, அவவுக்கு ஒரு கொம்பனியும் சம்பளம் கொடுக்கவில்லை. நல்லெண்ணெய் இருந்தாலும் வைக்கலாம். பணம் கொடுத்து மூலிகை எண்ணெய் வாங்கத் தேவையில்லை.

எண்ணெய் வைத்த கையோடு சிக்கெடுக்க வேண்டும். சுருட்டை முடியைக் காய்ந்தபடி வாரக் கூடாது. முதலில் விரலால், பின்னர் பல் அகன்ற சீப்பால், நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கெல்லாம் கீழே திரண்டு ஒரு முடிச்சாகிவிடும்.

இனிக் கழுவும் சாறு. செவ்வரத்தை இலை இரண்டு கைப்பிடி. சிவப்பு ஒற்றைப்பூச் செவ்வரத்தை இலையில் வழுவழுப்பு அதிகம் என்பது என் அனுபவம். அதைக் கழுவி, ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுக் கையால் நன்றாகக் கசக்கினால் பச்சைச் சளிபோல வழுவழுப்பு இறங்கும். இரவே ஊறவைத்த ஒரு மேசைக்கரண்டி வெந்தயத்தை அரைத்து அதில் சேருங்கள். இதை முடியில் தடவி அரைமணித்தியாலம் விட்டால் முடி மெதுமையாகும், ஓரளவு அழுக்கும் போகும். எண்ணெய் கூடிப்போனால் இரண்டு மேசைக்கரண்டி பயற்றம் மா அல்லது உழுத்தம் மா கரைத்துச் சேர்க்கலாம். உழுந்து விதைக்கிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அரப்பு அல்லது சீயாக்காய்த் தண்ணீரை மாதத்துக்கு ஒன்று இரண்டு தடவை, தலைத்தோலுக்கு மட்டும் வைத்தால் போதும். சீயாக்காயைத் தனியே நுனிவரை தேய்த்தால் காய்ந்த முடி இன்னும் காயும்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். எதைக் கரைத்தாலும் பழைய வேட்டித் துணியில் வடித்துத்தான் தலைக்கு வார்க்க வேண்டும். நேரான முடிக்காரருக்குத் தூளை அப்படியே தேய்க்கலாம், கழுவுப்பட்டுப் போகும். எங்கள் சுருளுக்குள் இலைத்துண்டும் வெந்தயத் தோலும் மாட்டிக்கொண்டால் மூன்று நாளைக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் சொடுகு என்பார்கள்.

கடைசியில் ஒரு பெரிய செம்புத் தண்ணீரில் பாதித் தேசிக்காய்ச் சாறு விட்டு வார்த்தால், புளிப்பு அந்தக் கல்சியக் கசடைக் கரைக்கும், எழும்பிய செதில்களும் படியும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். தேசிச்சாறு பட்ட தோலோடு வெயிலில் நின்றால் கறுத்துக் கொப்பளிக்கும். துவாயால் அடித்து உலர்த்தாமல் பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்போதே இரண்டு துளி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, சுருள்களைக் கீழிருந்து மேலாகப் பொத்திப் பிடித்து விட்டுவிடுங்கள். காயும்வரை சீப்புப் படக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் இதைப் புதிதாகப் படிக்கிறார்கள். நியூயோர்க்கில் முடி திருத்தும் லொறெயின் மாசி என்ற பெண்மணி 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சுருட்டை முடிக்கென்று ஒரு புத்தகம் எழுதினார். சல்பேற்று ஷாம்பூவை விடுங்கள், வழுவழுப்பானதால் கழுவுங்கள், காய்ந்தபின் வாராதீர்கள் என்பதுதான் அதன் சாரம். ஆனால் அங்கே ஷாம்பூவுக்குப் பதிலாக அப்பச்சோடா தேய்க்கும் பழக்கமும் ஒன்று பரவியது. அதைச் செய்ய வேண்டாம். சோடா காரம் கூடியது, எழும்பிய செதில்களை இன்னும் எழுப்பி முடியை உடைத்துவிடும்.

ஷாம்பூவை விட்ட முதல் மூன்று நான்கு முழுக்குக்கு முடி பாரமாக, பிசுக்காக இருப்பதுபோலத் தோன்றும். ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். புதிதாக எதை வைப்பதென்றாலும் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒருநாள் பார்த்துவிட்டு வையுங்கள். அரப்பு கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். அது நஞ்சும்கூட. பிள்ளைகளின் கைக்கும் ஆடுமாட்டின் வாய்க்கும் எட்டாமல் வையுங்கள். கழுவிய தண்ணீரைக் குளத்தில் விட்டால் மீன் மயங்கிச் சாகும்.

தலையில் காயம் உள்ளவர்களுக்கு

செல்துண்டு பட்ட தழும்பு தலையில் உள்ளவர்கள் எம்மிடையே பலர். அந்த இடத்தில் முடி முளைக்காது. சுற்றியுள்ள தோல் மெல்லியது. தழும்பின்மேல் நகமோ சீப்போ பட விடாதீர்கள். தேசிக்காயும் அரப்பும் அந்த இடத்துக்கு வேண்டாம். விரல் நுனியால் தேங்காயெண்ணெய் மட்டும் தொட்டு வையுங்கள். தழும்பு சிவந்தால், நீர் வடிந்தால், புதிதாக நோ எடுத்தால் எண்ணெயோடு இருந்துவிடாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். துண்டு இன்னும் உள்ளே இருக்கக்கூடும். சுருட்டை முடிக்கு ஒரு நன்மை உண்டு. வகிடு எடுக்காமல் விட்டால் அது தானாகவே தழும்பை மூடிக்கொள்ளும்.

பேனுக்கு மண்ணெண்ணெயும் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூச்சிமருந்து தலைத்தோலால் உடம்புக்குள் ஊறி உயிரையே எடுக்கும். செவ்வரத்தைச் சாறு தடவிய ஈரத் தலையில் பேன் சீப்பை மூன்று நான்கு நாளுக்கொருமுறை, இரண்டு மூன்று கிழமைக்கு விடாமல் இழுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் செய்யுங்கள்.

பட்டினி, கடுங்காய்ச்சல், பிரசவம், பெரிய அதிர்ச்சி இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் பிந்தி முடி கைகையாகக் கொட்டும். முகாமில் எங்களில் பலருக்கு அப்படித்தான் கொட்டியது. பெரும்பாலும் ஆறு மாதமளவில் தானாக நிற்கும். இரும்புச் சத்தும் புரதமும் குறைந்திருந்தால் நிற்காது. முருங்கையிலை, பயறு, முட்டை, நெத்தலிக் கருவாடு, இவை எந்த எண்ணெயையும்விட மேல். காசளவு வட்டமாக முடி போனால் அது வேறு, வைத்தியரிடம் காட்டுங்கள்.

"ஆருக்குக் காட்ட இந்தத் தலை?"

எங்கள் வகுப்பில் ஒரு சகோதரி. கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அவளுக்கு இடுப்புவரை சுருட்டை முடி. எண்ணெய் வைத்தால் பேச்சு, வாரிக் கட்டினால் பேச்சு என்று வருடக்கணக்கில் முடிச்சாக அள்ளிச் செருகியே விட்டிருந்தாள். அவிழ்த்தபோது பின்தலையில் ஒரு கட்டி சடையாகிவிட்டிருந்தது. நாங்கள் மூன்று பேர் இரண்டு பின்னேரம் செவ்வரத்தைச் சாறும் எண்ணெயும் விட்டு இழை இழையாகப் பிரித்தோம். கால்வாசியை வெட்டத்தான் வேண்டியிருந்தது. அடுத்த கிழமை பின்னிக்கொண்டு வந்தாள். "ஆருக்குக் காட்ட இந்தத் தலை?" என்று உறவுக்காரி ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டாராம். "தலை கடிச்சால் சொறியிறது நான்தானே மாமி" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அதைச் சொல்லிவிட்டு மெசினில் இருந்து, பாதியில் விட்ட சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைத்தாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு

இரட்டைப் பின்னல் கட்டாயம் என்பதால் காலையில் அழுகைச் சத்தம் கேட்காத வீடு குறைவு. சுருட்டைத் தலைப் பிள்ளையைக் காய்ந்தபடி இழுத்து வாரி, நெற்றி விறைக்கப் பின்னிவிடுகிறோம். வருடக்கணக்கில் இப்படி இழுத்தால் நெற்றியோரத்து முடி பின்வாங்கிவிடும். பிறகு முளைக்காமலும் போகலாம். பிள்ளையைப் படிக்கவிட்டு, இரவில் பின்னால் இருந்து சிக்கெடுங்கள். வெந்தயத் தண்ணீர் கொஞ்சம் தெளித்து, நுனிக்கு எண்ணெய் தொட்டுத் தளர்வாக இரண்டாகப் பின்னி, ஒரு பருத்தித் துணியைத் தலைக்குக் கட்டிப் படுக்க விடுங்கள். விடிய பஸ்ஸுக்கு நேரமாகும்போது முன்பக்கத்தை ஈரக்கையால் தடவி ரிபனைக் கட்டினால் போதும்.